எட்டு வாரம்

ஜூன் 9, திங்கள்

74.6. எட்டு வாரத்தில் 69க்கு வரவேண்டும். சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறையக் காலியாக இருக்கிறது.

காலை இட்லி 2, சாம்பார். 11 மணிக்கு மோர். மதியம் சோறு 100 கிராம், முளைக்கீரைக் கூட்டு, முட்டை வெள்ளைக்கரு 2. நாலு மணிக்குக் காபி, சர்க்கரை இல்லாமல். ராத்திரி பாசிப்பயறு சுண்டல், வெள்ளரிக்காய்.

100 கிராம் சோறு எவ்வளவு என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். தராசில் வைத்து, ஒரு பருக்கை கூடாமல் தட்டில் கொட்டினேன். தட்டில் சோற்றைவிடத் தட்டுதான் தெரிந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "காக்காய்க்கா?" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பசிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூரில் திறந்துவிட்டார்கள். தெருவெல்லாம் தண்ணீர்ப் பேச்சு. இங்கே ஆறு இன்னும் வெறும் மணல்.

காலையில் கரையோடு 45 நிமிடம் நடந்தேன். முதல் பத்து நிமிடம் முழங்கால் முனகியது, அப்புறம் இல்லை. திரும்பும்போது கடைத்தெரு வழியாக வந்ததுதான் தப்பு. அசோகா கிண்டிக்கொண்டிருந்தார்கள். பாசிப்பருப்பு, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை மாவு, நெய். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நெய் பிரிந்து வருகிற நேரத்து வாசனை இருக்கிறதே! திருவையாற்றுக்கு வாக்கப்பட்டவளைப் போய்ப் பத்தியம் இருக்கச் சொல்கிறார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினேன்.

சம்மதப் படிவம் சாமி அலமாரியில் வைத்தபடியே இருக்கிறது. அவர் தொடவில்லை.

ஜூன் 14, சனி

மனசு இதையேதான் மென்றுகொண்டிருக்கிறது. அண்ணன் இருபது வருஷம் குடித்தான். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பக்கத்து சீட்டில் பிராந்தி வாசனை வந்தாலே பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவள். ஸ்கேனில் எனக்கும் ஈரலில் கொழுப்பு. "நீங்க டிரிங்க்ஸ் எடுப்பீங்களா?" என்று அங்கே கேட்டபோது இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

டயட்டீஷியன் சின்னப் பெண், பாப்பாவைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கலாம். பொறுமையாகச் சொன்னார். உடம்பு செலவு செய்ததுபோக மிஞ்சுகிற மாவையும் சர்க்கரையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. வெளியே அனுப்பியது போக மீதி அங்கேயே தங்கிவிடுகிறது. குடிக்கிறவனுக்கும் முதலில் படிவது இதே கொழுப்புதானாம். நான் என்ன தின்றேன் என்று கணக்குப் பார்த்தேன். காலையில் அஞ்சாறு இட்லி. மதியம் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு. நாலு மணிக்கு மிக்சர். காபி நாலு வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 16 வருஷமாக ஊருக்கெல்லாம் பிளவுஸ் தைக்கிறேன். பெடல் மிதித்த காலத்திலாவது கால் அசைந்துகொண்டிருந்தது. மிஷினுக்கு மோட்டார் மாட்டியதும் அதுவும் நின்றது.

அப்படியானால் நானும் அவனும் ஒன்றா? இல்லை. ஆனால் முழுக்க இல்லையென்றும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

72.4! ஒரே வாரத்தில் 2.2 கிலோ. மிஷினில் இறங்கி இறங்கி ஏறினேன்.

போனில் சொன்னால் அந்தப் பெண் சிரிக்கிறார். ஈரலிலும் தசையிலும் சர்க்கரை இருப்பு கொஞ்சம் இருக்குமாம், ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். முதலில் கரைவது அந்த இருப்பு. "பெரும்பாலும் தண்ணிதான் மேடம். அடுத்த வாரம் இவ்வளவு எதிர்பார்க்காதீங்க."

சந்தோஷத்திலும் பாதி தண்ணீர்.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டது. முன்னால் ஒரு விரல்கடை உயரத்துக்கு நுரை. அதில் சருகு, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில். பள்ளத்தில் நின்று, நிரம்பி, அப்புறம் நாக்கு நீட்டுகிற மாதிரி அடுத்த மணலுக்கு. பையன்கள் அதன் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே போனார்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்ததில் நடை இருபது நிமிடத்தோடு நின்றது. நோட்டில் 45 என்றே எழுதிவிட்டேன்.

ஜூன் 21, சனி

அண்ணி போன் பண்ணினார். வயிற்றிலிருந்து 5 லிட்டர் எடுத்தார்களாம். ஒரே மத்தியானத்தில் 5 கிலோ குறைந்துவிட்டான்.

வீடியோவில் காட்டினார். கன்னம் ஒட்டி, கை ஊதுவத்தி மாதிரி. வயிறு இருந்தவரைக்கும் "உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு, சதை போட்டிருக்காரு" என்று ஊரில் நாலு பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 23, திங்கள்

72.0. ஏழு நாள் பட்டினிக்கு 400 கிராம். ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, நாளைக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோகூட வராது, கணக்குச் சரிதான். கணக்கைத் தின்ன முடியுமா?

ஜூன் 26, வியாழன்

அண்ணனுக்கு ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு தடவை சாப்பிட வேண்டுமாம், டாக்டர் கட்டளை. வெறும் வயிற்றோடு படுத்தால் அவன் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். உப்பு மட்டும் ஆகாது. அண்ணி இட்லியையும் முட்டையையும் உப்பில்லாமல் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார், இவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறானாம்.

அதே பத்து மணிக்கு நான் ஃபிரிட்ஜைத் திறந்து, மாவுப் பாத்திரத்தைப் பார்த்து, மூடினேன்.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டூர் நிரம்பிவிட்டது, 120 அடி.

கறி எடுத்துவந்தார். ஈரல் தனியாக ஒரு கவரில். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஈரலை மிளகு போட்டு வறுத்து, இரும்புச் சட்டியோடு அண்ணன் பக்கம் வைப்பாள். "ஆம்பளப் பிள்ளைக்கு ரத்தம் ஊறணும்." சட்டியில் ஒட்டியதைச் சோறு போட்டுப் பிசைந்து எனக்குத் தருவாள். அதுவே அப்படி ருசிக்கும். சில ஞாயிறு அவன் ஒரு துண்டை எடுத்து, அம்மா பார்க்காத நேரம், என் சோற்றுக்கு அடியில் செருகுவான்.

வறுத்து அவருக்கும் பாப்பாவுக்கும் வைத்தேன். எனக்கு இரண்டு துண்டு கறி, கொழுப்பு நீக்கி.

ஜூன் 30, திங்கள்

72.1.

ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறது!

ஜூலை 1, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். அசோகா, 100 கிராம், கடை வாசலிலேயே நின்று, வாழையிலைத் துண்டில். சூடாக இருந்தது, விரலெல்லாம் நெய். முடித்து இலையையும் வழித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நெய் கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை 4. ஒரு மேசைக்கரண்டி நெய்யே 120. என் எடைக்கு ஒரு மணி நேரம் நடந்தால் போவது சுமார் 250. இரண்டு கரண்டி நெய்க்கு ஒரு மணி நேரம் என்றால் இவ்வளவு நாள் நடந்தது எதற்கு? அழுகையாக வந்தது. பிளவுஸ் வாங்க வந்த டீச்சரிடம் வெங்காயம் நறுக்கினேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

டயட்டீஷியனிடம் அசோகாவைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "இடுப்பை அளந்தீங்களா?" என்று கேட்டார்.

நாள் முழுக்க ஊரார் இடுப்பை அளக்கிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். முதல் நாள் ஆஸ்பத்திரியில் 98 செ.மீ. என்று குறித்திருந்தார்கள். டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். 94. பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம். அது எந்த ஜென்மத்துக்கோ.

நடை எதற்கு என்றும் கேட்டேன். எடையைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுடையதுதான், நடை வேறு வேலை பார்க்கிறது என்றார். அசைகிற தசை ரத்தத்திலிருக்கிற சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். எடை நின்றுபோன வாரத்திலும் ஈரல் கொழுப்பு குறைந்துகொண்டிருக்கலாம். தராசு அதைக் காட்டாது. மூன்று வேளையும் சாப்பிட்ட உடனே கால்மணி நேரம் நடக்கச் சொன்னார். அப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திரிக்க வேண்டும், பத்து பத்தாக மூன்று தடவை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடுமாம்.

தசை போனால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 4, வெள்ளி

தொடை வலியில் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பாப்பா வீடியோ எடுத்தாள்.

ஜூலை 7, திங்கள்

71.2.

ஜூலை 10, வியாழன்

"குடிச்சது அவன். பட்டினி கிடக்கிறது நீ. வயித்த அறுக்கிறதும் உனக்கா?"

அவர் கேட்டது தப்பில்லை. அப்பா போனபோது நிலம் முழுக்க அண்ணன் பேரில் வந்தது. "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்றார்கள். அந்த நிலமும் இப்போது அவனிடம் இல்லை. அதில் பங்கு கேட்காதவளிடம் இதில் பங்கு, அதிலும் பெரிய பங்கு. என் ஈரலில் வலப்பக்கம், சுமார் 60 சதவீதம், அவனுக்கு, மீதி எனக்கு. இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு பேருக்குமே கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நிலம் அப்படி வளருமா?

இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் தட்டில் மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். 300 கிராம் இருக்கும். பார்த்தே சொல்ல முடிகிறது இப்போது.

ஜூலை 14, திங்கள்

70.7. கை ஊன்றாமல் இருபது தடவை.

ஜூலை 19, சனி

அண்ணனே போன் பண்ணினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"என்ன குட்டி சாப்ட்ட?"

"சுண்டல்ண்ணே. நீ?"

"உப்பில்லாத இட்லி." கொஞ்சம் பொறுத்து, "நீ திங்காததெல்லாம் நான் திங்கணுங்கிறாங்க. நான் திங்காததெல்லாம் நீ தின்னுத் தொலைச்சிருக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. வைத்தபிறகுதான் நினைத்தேன், அவன் நன்றியென்று ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

ஜூலை 21, திங்கள்

70.0. ஊரில் பேச்சு: "சுகர் வந்துடுச்சாம், அதான் இளைச்சுட்டா."

ஜூலை 25, வெள்ளி

மாரியம்மன் கோவிலில் கூழ். கேழ்வரகும் மாவுதான், அளவுதான் முக்கியம் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன டம்ளரில் வாங்கினேன். ஊற்றுகிற அம்மா விடவில்லை. "சாமி கூழ், வேணாங்காதே" என்று சொம்பு நிறைய. பாதியை அத்தைக்குக் கொண்டுவந்தேன். மீதிப் பாதியை ஒன்றும் செய்யவில்லை, குடித்துவிட்டேன்.

சாயங்காலம் கூடுதலாக ஒரு நடை. பாலம் வரை போனேன். இவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். பத்தடி பின்னாலேயே.

ஜூலை 28, திங்கள்

69.5. இடுப்பு 90.

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் பிளவுஸ்களைப் பிடித்துத் தைத்தேன். பக்கவாட்டில் முக்கால் இஞ்ச், கை சுற்றளவில் அரை இஞ்ச். வெட்டவில்லை. வழக்கமாக மற்றவர்களுக்கும் வெட்ட மாட்டேன், உள்ளே விட்டுத்தான் தைப்பேன். மறுபடி பிரிக்கக் கேட்டு வருவார்கள் என்று தெரியும். என்னுடையதைப் பிரிக்கும்போது பழைய தையல் கோட்டுக்கு வெளியே துணி வேறு நிறத்தில் இருந்தது, வெயில் படாமல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆறு இரு கரையும் முட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில். மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, காப்பரிசி. புதுப் பெண்கள் பாதிப்பேர் போனில் படம் எடுப்பதில் இருந்தார்கள்.

விடியற்காலையில் எழுந்து புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் நானே கிளறினேன். உப்புக்கூடப் பார்க்கவில்லை, பாப்பாவை நக்கிப் பார்க்கச் சொன்னேன். கரையில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தபோது என் டப்பாவைத் திறந்தேன். மூக்கடலைச் சுண்டல், வெள்ளரிக்காய். அத்தை இரண்டு மாதமாகக் கேலி பண்ணியவர், இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கயிறு கட்டிவிட்டு, காப்பரிசி ஒரு பிடியை என் கையில் வைத்து மூடினார். "அவன் பேரைச் சொல்லி ஆத்துல போடு."

போட்டேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஏழெட்டு அரிசியை, வெல்லத்தோடு, தின்றேன். ஊறியும் ஊறாததுமாகக் கடக்கென்று கடிபட்டது. நோட்டில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காப்பரிசி, 7 அல்லது 8.

ஆகஸ்ட் 4, திங்கள்

69.0. நாளைக் காலை ஒன்பதுக்கு ஸ்கேன், வெறும் வயிற்றோடு. தஞ்சாவூரிலிருந்து ராத்திரி பஸ்.

பையில் துணி, பழைய ஸ்கேன் கவர், ஆதார், இந்த நோட்டு. படிவத்தை எடுக்க அலமாரியைத் திறந்தேன். குங்குமச் சிமிழுக்கு அடியில் இல்லை. பாப்பா எடுக்கவில்லையாம், அத்தையும் எடுக்கவில்லையாம்.

அவர் வாசலில் நின்று ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிறது. பேனா வைத்துக்கொள்கிற ஆள் இல்லை இவர். கேட்கலாமா, பஸ் ஏறியபிறகு கேட்கலாமா என்று