தம்பியை சில்காவுக்கு அனுப்ப நாங்கள் பட்ட பாடு

தம்பி கடற்படையில் அக்னிவீராக, அதாவது நான்காண்டு பணித் திட்டத்தில் சேர்ந்து, ஒடிசாவில் உள்ள சில்காவில் பயிற்சியை முடித்துவிட்டான். இப்போது ஜாம்நகரில், ஐ.என்.எஸ். வல்சுரா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். ஆனாலும் அழைப்புக் கடிதம் வந்ததிலிருந்து ரயிலேறும் வரை இருந்த அந்த 16 நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் இந்த வேலைக்காகக் கடற்கரையில் ஓடுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லப் பத்துப் பேர் வந்தார்கள். காகிதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதல் வீண் அலைச்சல், விண்ணப்பிக்கும் முன்பே, உச்சிப்புளிக்கு. எங்கள் ஊரில் நேவி என்றாலே உச்சிப்புளிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கடற்படையின் கைக்கு வந்து, 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து என்று தமிழ்ப் பெயரோடு தளமாக அறிவிக்கப்பட்ட இடம். 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவும் அங்கே வந்தது. அப்பா கரையில் வலை சரிசெய்யும்போது தலைக்கு மேலே போகிற அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் தம்பி. "கேட்டுல போய்க் கேளுங்க, ஆள் எடுக்கும்போது சொல்லுவாங்க" என்று மாமா ஒருவர் சொன்னதும் கிளம்பிவிட்டோம். வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் பேசினார். இங்கே ஆளும் எடுப்பதில்லை, பயிற்சியும் கிடையாது, எல்லாம் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வானால் ஒடிசாவுக்குப் போக வேண்டும் என்றார். தம்பி வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒடிசா இடம்தான் ஐ.என்.எஸ். சில்கா. சில்கா ஏரிக்கரையில் 1980-இல் தொடங்கிய தளம். கடற்படையில் மாலுமியாகச் சேரும் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அங்கேதான். கடலோரக் காவல்படைக்கு நாவிக்காக (அங்கே மாலுமிக்கு அந்தப் பெயர்) தேர்வாகிறவர்களுக்கும் தொடக்கப் பயிற்சி அங்கேதான். அக்னிவீர்களுக்கு 16 வாரம். அணிவகுப்பு, நீச்சல், துப்பாக்கி எல்லாவற்றையும் பழக்கிவிட்டு, அப்புறம் அவரவர் பிரிவுக்கு அனுப்புவார்கள்: என்ஜின் என்றால் லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜி, பீரங்கி என்றால் கொச்சியில் துரோணாச்சார்யா, இவனுக்கு வல்சுரா. இறுதி மருத்துவப் பரிசோதனையும் சான்றிதழ் சரிபார்ப்பும் சில்காவில்தான் நடக்கும். அவ்வளவு தூரம் போனவர்களையும் அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாத நேரம் பார்த்து தேர்வுக் கட்டணமாக 550 ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கட்டினோம். கணினித் தேர்வு மதுரையில் முடிந்தது. 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும், மணலில் ஓடிப் பழகியவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சிக்கல் பெயரில் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. அதுவாவது பரவாயில்லை, அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் 'எச்' இருக்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை. இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது இ-சேவை மையத்தில் இருந்தவர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆதாரைப் பார்த்துத் தட்டிவிட்டார், நாங்களும் வாங்கிப் பையில் வைத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து நான்தான் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மறுபடியும் வி.ஏ.ஓ., மறுபடியும் ஆர்.ஐ., மறுபடியும் தாலுகா ஆபீஸ். தயவுசெய்து விண்ணப்பிக்கும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம் வந்தபிறகு அதற்கு நேரம் இருக்காது.

அதைவிடப் பெரிய வேதனை போலீஸ் சரிபார்ப்புப் படிவம். கடற்படை தரும் படிவத்திலேயே நம் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிப் போக வேண்டும், அது இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் போன நிலையத்தில், "இதெல்லாம் இப்ப ஆன்லைன்லதாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்லைனில் பணம் கட்டி வாங்கினோம். அது வேறு சான்று, கடற்படைப் படிவத்துக்குப் பதிலாக அதைக் கொடுக்க முடியாது என்று தெரிந்தபோது ஐந்து நாள் போயிருந்தது. திரும்பப் போனால் எழுத்தர், "உங்கப்பா ஒருதடவை எல்லை தாண்டிப் பிடிபட்டு யாழ்ப்பாணத்துல இருந்தார்ல?" என்று கேட்டார். ஆமாம், இருந்தார். எங்கள் ஊரில் யார் வீட்டில் அந்தக் கதை இல்லை? அங்கேயே விடுதலையாகி வந்துவிட்டார், இங்கே அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. ஆனாலும் "பெரியவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மூன்று நாள் இழுத்தார். அப்பா அந்த மூன்று நாளும் கடலுக்குப் போகவில்லை. தன்னால் பிள்ளை போகமுடியாமல் போய்விடுமோ என்று படகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான்காம் நாள் பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். படிவத்தை முழுதாகப் படித்துவிட்டு, "பையன் மேல ஏதாவது கேஸ் இருக்கா?" என்று எழுத்தரிடம் கேட்டார். இல்லை என்றார். "படிவம் பையனைப் பத்தித்தானே கேக்குது?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசல்படி வரை வந்துவிட்டேன், முத்திரை இல்லை. ஓடிப்போய் அதையும் குத்தி வாங்கினேன். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கே நின்றே பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் காது அழுக்கை எடுத்து, பல் காரையைச் சுத்தம் செய்துவிட்டு வரச்சொல்லி அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. கடலில் முங்கி எழும் பிள்ளைகள் காதை இ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. பச்சை குத்துவதிலும் கவனம். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சை ஆகாது. தம்பியோடு ஓடிப் பழகியவன் மார்பில் நங்கூரம் குத்தியிருந்தான். இவனைவிட வேகமாக ஓடுவான், அவனுக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு நானும் அப்பாவும் போனோம். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றிருந்ததால் ராமநாதபுரம் வந்து ஏறினோம், இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது. புவனேஸ்வர் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், தேதி தெரிந்த அன்றே டிக்கெட் எடுங்கள். பாலுகான் பக்கம் ரயில் ஏரியை ஒட்டியே ஓடும்போது, "இதுவும் உப்புத்தண்ணிதான் போல" என்று அப்பா ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

அக்னிவீர் முதல் பேட்ச் 2023 மார்ச் 28-இல் வெளியே வந்தபோது, வழக்கமாகக் காலையில் நடக்கும் அணிவகுப்பை முதல்முறையாகச் சூரியன் மறைந்தபின் நடத்தினார்கள். ஏறத்தாழ 2600 பேரில் 273 பேர் பெண்கள். தம்பியின் பேட்ச்சுக்கும் விளக்கு வெளிச்சத்தில்தான். எல்லோரும் ஒரே உயரம், ஒரே நடை, எங்களால் அவனை அடையாளம் காணவே முடியவில்லை. முடிந்ததும் அவனே எதிரில் வந்து விறைப்பாக நின்று அப்பாவுக்கு சல்யூட் அடித்தான். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது சித்தி மகள் விண்ணப்பிக்கப் போகிறாள். பெண்களுக்கு அந்த 1.6 கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். ஓட்டத்தை அவள் பார்த்துக்கொள்வாள். நான் அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றையும் ஆதாரையும் வாங்கி வைத்திருக்கிறேன். பிறந்த தேதி இரண்டிலும் ஒத்துப்போகிறது, சித்தப்பா பெயரில்தான் ஒரு எழுத்து இடிக்கிறது. திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.