பிடிமானத்துக்கு ஏதாவது வேண்டாமா?

2019 மார்ச் 20ஆம் தேதி பிரான்சில் உள்ள சான் டிசியே விமானப்படைத் தளத்துக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். வயது 64. பாதுகாப்புத் தளவாடம் செய்யும் நிறுவனமொன்றில் அதிகாரி. போர் விமானத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவர் யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் கூடிப் பேசி, அவருக்குத் தெரியாமலேயே ரஃபேல் விமானத்தில் ஒரு சவாரியைப் பரிசாக ஏற்பாடு செய்துவிட்டார்கள். விஷயத்தை அன்றைக்குத்தான் உடைத்தார்கள்.

மனிதர் என்ன செய்வார்? சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள். விமானம் தயார், விமானி தயார். அந்த இடத்தில் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல, போர் விமானத்தில் ஏறுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். அவர் ஏறிவிட்டார். வாய் சொல்லாததைக் கையில் கட்டியிருந்த கடிகாரம் குறித்துவைத்தது. பறப்பதற்கு முன்பே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 136க்கும் 142க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு விசாரணை அறிக்கையில் எழுதினார்கள்.

இந்தக் கதையை எங்கள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் நான் எடுத்துவிட்டதற்குக் காரணம் இருந்தது. நான் வேலை பார்ப்பது சூலூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில். சூலூர் என்றால் விமானப்படைத் தளம், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானங்களின் வீடு. 2020 முதல் சில ஆண்டுகள் இரண்டு தேஜஸ் படைப்பிரிவுகள் இங்கேதான் இருந்தன. 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சி நடந்தபோது பிரெஞ்சு ரஃபேல்களும் இங்கே வந்து எங்கள் கூரைத் தகடுகளை ஆட்டிவைத்துவிட்டுத்தான் போயின. விமானம் மேலே போகும்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். எதிர்முனையில் திருப்பூர் வியாபாரிகளுக்கும் பழகிவிட்டது. ‘போயிடட்டும், போயிடட்டும்’ என்று அவர்களே காத்திருப்பார்கள். எங்கள் கேஷியர் அண்ணன் எண்ணிக்கொண்டிருக்கும் நோட்டுக் கட்டில் கட்டைவிரலை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஈரப் பஞ்சு டப்பாவின் மேல் வைத்தபடி, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். சத்தம் அடங்கியதும் விட்ட எண்ணிலிருந்து தொடர்வார். ஒருநாளும் எண்ணிக்கை தவறியதில்லை.

அந்த அண்ணன் ஜனவரி கடைசியில் ஓய்வு பெறுகிறார். வழக்கமாக இங்கே ஓய்வு பெறுகிறவருக்குக் குத்துவிளக்கோ சுவர்க் கடிகாரமோ சூட்கேஸோ கொடுத்து, சால்வை போர்த்தி, மதியம் பிரியாணியோடு முடித்துவிடுவோம். இந்த முறை டெஸ்பாட்ச் தம்பி இடையில் புகுந்தான். பொருளாகக் கொடுக்கக் கூடாதாம், அனுபவமாகக் கொடுக்க வேண்டுமாம். பொங்கல் நேரத்தில் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கிறது அல்லவா, அதில் அண்ணனைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும் என்பது அவன் திட்டம். வசூல் நோட்டுகூடத் தயாராகிவிட்டது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றால், ‘கேட்டால் அது என்ன சர்ப்ரைஸ்?’ என்று என்னையே மடக்கினான். சரி, நேராகச் சொன்னால் ஏறாது, பிரான்சு வழியாகப் போவோம் என்றுதான் கதையைத் தொடங்கினேன். அண்ணனும் தம்ளரோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது வெறும் உலகச் செய்தி.

“வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா?” என்பது அக்கவுன்ட்ஸ் அக்காவின் முதல் கேள்வி. அவருக்கே தெரியாதபோது வீட்டுக்கு எப்படித் தெரியும் என்றேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“டாக்டர் பார்த்தாரா?” என்றார் ஸ்டோர் கீப்பர்.

பார்த்தார். பறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு பரிசோதித்து, போகலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. விமானம் சட்டென்று கீழ்நோக்கித் திரும்பும்போது உடம்பு இருக்கையிலிருந்து மேலே எழும்புமே, எதிர்மறை ஜி விசை என்பார்கள், அது இவருக்கு ஆகாது என்றார். அந்தச் செய்தி விமானியிடம் போய்ச் சேரவில்லை.

ஸ்டோர் கீப்பருக்கு முகமெல்லாம் பிரகாசம். “இன்வர்ட் ரிஜிஸ்டரில் ஏற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால் சேர்ந்திருக்கும். நான் சொன்னால் இங்கே யார் கேட்கிறீர்கள்?” பிரெஞ்சு விமானப்படையின் கோளாறை ஒரே வரியில் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார்.

போர் விமானத்தில் வெளியாளை ஏற்றுவது சும்மா இல்லை. காலையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-சூட் என்ற உடை உண்டு. விமானம் வேகமாகத் திரும்பும்போது ரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கி மயக்கம் வந்துவிடாமல், அதிலுள்ள பைகள் காற்றால் உப்பி அழுத்தும். இருக்கை வார்களை மூச்சு முட்டுகிற அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். முக்கியமாக, தொடைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியை அவசரத்துக்குத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது. நம் பிரெஞ்சுக்காரருக்கோ ஜி-சூட் சரியாக மாட்டவில்லை, வார்கள் தளர்ந்திருந்தன, முகக் கண்ணாடி மேலே இருந்தது, ஆக்ஸிஜன் முகமூடி இணைக்கப்படவில்லை. மாப்பிள்ளை அழைப்பு அவசரத்தில் அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

மூன்று விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பின. விமானிக்கு அது அன்றாட வேலை. தரையை விட்டதும் 47 பாகைச் சாய்வில் மேலே ஏற்றினார். பின்னிருக்கைக்காரரின் உடம்பு எடை போல ஏறக்குறைய 3.7 மடங்கு பாரம் அவரை அழுத்தியது. சுமார் 2,500 அடியில் விமானி விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் டாக்டர் வேண்டாம் என்ற சங்கதி நடந்தது. பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேகத்தடையைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழுத்திக்கொண்டிருந்த பாரம் போய், -0.6 ஜி அளவில், அதாவது உடம்பு எடையில் 0.6 மடங்கு விசை மேல்நோக்கி இழுத்ததுபோல, மனிதர் மேலே கிளம்பினார். வார்கள் தளர்ந்திருந்ததால் தடுக்க ஒன்றும் இல்லை. பதறிப்போய், கைக்கு எது அகப்பட்டதோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“எதை?” என்றாள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்.

“அந்தக் கைப்பிடியைத்தான்.”

தேநீர் வேளையில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. கேஷியர் அண்ணன்தான் முதலில் பேசினார். “அவர்மேல் என்ன தப்பு? பிடிமானத்துக்கு ஏதாவது வேண்டாமா? நானாக இருந்தாலும் அதைத்தான் பிடித்திருப்பேன்.”

கண்ணாடி மூடி உடைந்து தெறித்தது, இருக்கைக்கு அடியில் ராக்கெட் வெடித்தது, அறுபத்து நாலு வயது அதிகாரி பிரெஞ்சு வானத்தில் நாற்காலியோடு கிளம்பிப் போனார். போகிற வழியிலேயே தலைக்கவசம் கழன்று விழுந்தது. பாராசூட் ஒழுங்காக விரிந்து, சிறு காயங்களோடு தரை இறங்கினார். பரிசு கொடுத்தவர்கள் அவரை வழியனுப்பிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்களோ, தளத்திலேயே நின்றுகொண்டிருந்தார்களோ, அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

இதைவிடப் பெரிய கூத்து முன்னிருக்கையில். இரண்டு பேர் விமானத்தில் ஒருவர் கைப்பிடியை இழுத்தால் இருவருமே வெளியே வீசப்பட வேண்டும். அமைப்பும் அப்படித்தான் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கருவியில் ஏதோ கோளாறாகி, விமானியின் இருக்கை மட்டும் கிளம்பவில்லை. அவர் தலைக்கு மேல் மூடி கிடையாது, பின்னால் பயணி கிடையாது, அடியில் எந்த நொடியும் வெடிக்கக்கூடிய நாற்காலி. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து தளத்தில் இறக்கினார். முகத்தில் லேசான காயம், அவ்வளவுதான்.

“ஃப்யூஸ் போயிருக்கும்,” என்றார் எலக்ட்ரீஷியன். “நல்ல வேளை போனது.”

அக்கவுன்ட்ஸ் அக்கா வேறு உலகத்தில் இருந்தார். “அந்த நாற்காலியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? உபயோகப்படுத்தியதா, தொலைந்ததா?” இதற்கு எங்கள் ஆடிட்டரிடமும் பதில் இருக்காது.

ரஃபேலில் இருப்பது பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த இருக்கை. தங்கள் இருக்கையால் உயிர் பிழைத்தவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு கழுத்துப்பட்டை கொடுக்கிறது. அதற்கென்று 1957 முதல் ஒரு சங்கமே உண்டு. இவர் விஷயத்தில், இருக்கையால் உயிர் பிழைத்தாரா, இருக்கையிடமிருந்து உயிர் பிழைத்தாரா என்பதைச் சங்கத்துக்காரர்கள்தான் கூடி முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் டெஸ்பாட்ச் தம்பிக்குக் கதை எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. லேசுப்பட்டவன் இல்லை. “ஏன், கலாம் அய்யா போகவில்லையா?” என்று எதிர்வாதம் எடுத்தான்.

போனார். 2006 ஜூன் 8ஆம் தேதி புணே லோகேகாவ் தளத்திலிருந்து சுகோய்-30 விமானத்தில், குடியரசுத் தலைவராக இருக்கும்போது. முப்படைகளின் தலைவர் என்று அரசியல் சட்டம் சொல்கிறது, அதனால் அவரை வெளியாள் என்று சொல்லலாமா என்று வழக்காட விரும்புகிறவர்கள் தனியாக வரலாம். நான் சொன்னது வேறு. கலாம் இளைஞராக டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனவர். 25 பேர் வந்திருந்தார்கள், இடம் எட்டு, இவர் ஒன்பதாவது. அப்படிக் கைக்கு எட்டியது கிட்டாமல் போனவருக்கு ஆயுளின் பிற்பகுதியில் கிடைத்த பறப்பு அது. அவரை யாரும் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. 2018இல் ஜோத்பூரில் சுகோயில் பறந்த நிர்மலா சீதாராமனையும், 2007இல் பெங்களூரு கண்காட்சியில் எஃப்-16இல் ஏறிய ரத்தன் டாட்டாவையும் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஏற்றவில்லை. பிரெஞ்சுக்காரர் வானத்தில் வீசப்படுவதற்கு ஒரு மாதத்துக்குள்தான் பெங்களூரில் பி.வி. சிந்து தேஜஸில் பறந்து, கையசைத்துக்கொண்டு இறங்கினார். கேட்டுச் செய்தார்கள், சொல்லிக்கொடுத்துச் செய்தார்கள்.

“கலாம் போகும்போது என்ன வயது?” கேஷியர் அண்ணன்.

“எழுபத்து நாலு.”

“எனக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகிறது,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. இனி மறைப்பதில் பொருளில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன். மேசைக்கு அடியில் தம்பி என் காலை மிதித்தான், பொருட்படுத்தவில்லை. “அண்ணா, பொள்ளாச்சியில் பலூனில் ஏறுகிறீர்களா?”

“பலூனா?” அவர் முகம் சுளித்தார். “அது காற்று அடிக்கிற பக்கம் போகும். நாம் நினைத்த இடத்துக்குப் போகாது. அதில் என்ன இருக்கிறது?” தம்ளரைக் கீழே வைத்தார். விரலால் மேலே காட்டினார். “இதில் ஏற என்ன செய்ய வேண்டும்?”

இத்தனை வருடமாக ஜன்னல் வழியாக அவர் சத்தம் அடங்கக் காத்திருந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. உடனே கைப்பேசியைத் தட்டினான். ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கரதில் ஒரு காலத்தில் காசு வாங்கிக்கொண்டு மிக்-29இல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியிருக்கிறார்கள், பல லட்சம் ரூபாய் ஆகுமாம்.

“ஒரு வழிக்கா, போகவரவா?” என்றார் அண்ணன். ஐம்பத்தெட்டு வயதிலும் கேஷியர் கேஷியர்தான்.

“பிரெஞ்சுக்காரருக்கு ஒரு வழிதான்,” என்றார் ஸ்டோர் கீப்பர்.

பலூன் வசூல் நோட்டை மூடிவிட்டோம். அன்று மாலையே கணக்குப் பிரிவில் நல்ல வெள்ளைத்தாளில் விண்ணப்பம் தயாரானது. பெறுநர், சூலூர் தளத்தின் தலைமை அதிகாரி. பொருள், போர் விமானத்தில் ஒருமுறை பயணம் செய்ய அனுமதி கோருதல். கலாம் வயதையும் தன் வயதையும் ஒப்பிட்டு ஒரு பத்தி. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை என்று ஒரு பத்தி. முப்பது வருடம் பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்தும் கை நீளாதவன் என்று தன் நடத்தைக்குத் தானே சான்று. அக்கவுன்ட்ஸ் அக்கா படித்துப் பார்த்துவிட்டு, ‘தொடைகளுக்கு இடையே உள்ள கைப்பிடியைத் தொட மாட்டேன் என உறுதி அளிக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அண்ணன் மறுத்தார். முடியாத வாக்குறுதியை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ‘இயன்றவரை தொட மாட்டேன்’ என்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

அனுமதி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை. கையெழுத்தோடு ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது, அதை ஸ்டோர் கீப்பர் இன்வர்ட் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டார்.