வேட்டியில் கரை இருந்தால் என்ன தப்பு?

ஏழு வெற்றுத் தாள்களை உறையில் போட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய், முகப்பில் பெருமையாக நீட்டியவள் நான். பிரிண்டரில் மை தீர்ந்திருக்கிறது. சத்தம் என்னவோ வழக்கம்போலத்தான் வந்தது, தாளும் ஒவ்வொன்றாக விழுந்தது. நான் என்னத்தைக் கண்டேன்?

"ஆன்ட்டி, இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார் முகப்பில் இருந்த தம்பி. அதுகூடப் பரவாயில்லை. அடுத்துச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "வீட்ல யாரையாவது எழுதித் தரச் சொல்லலாமே." அது சிறுகதைப் போட்டி. யாரோ எழுதித் தந்தால் அது யாருடைய கதை?

சர்க்கரை நோயால் 51 வயதில் எனக்குப் பார்வை போயிற்று. சிங்கப்பூர் தோ பாயோ ரைஸில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தில் கைத்தடி பழகியது, கால்டிகாட் ரயில் நிலையத்திலிருந்து தனியாக நடந்தது எல்லாம் ஒருவாறு முடிந்தது. பிரெயில் மட்டும் ஒட்டவில்லை. சர்க்கரை நெடுநாள் இருந்தால் விரல் நுனியும் மரத்துப்போகலாம். எனக்கு ஆறு புள்ளியும் ஒரே மேடாகத்தான் பட்டன. அதனால் கணினிக்கு வந்தேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கியது. அதன் தமிழ்க் குரல் தகரத்தில் கல் உருட்டியதுபோல இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

முதல் கதையை ஃபோனில் வாயால் சொல்லித்தான் எழுதினேன். விபத்தில் அடிபட்டு வந்த அப்பாவின் வேட்டியில் இரத்தக்கறையை மகள் பார்க்கிற இடம் ஒன்று. 'வேட்டியில் கறை இருந்தது, அவள் அலறினாள்.' கணினி வாசித்தபோது குறையே தெரியவில்லை. என் மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: "வேட்டின்னா கரை இருக்கத்தானேம்மா செய்யும், அதுக்கு எதுக்கு அலறுறா?"

ஃபோன் சின்ன ர போட்டிருக்கிறது. கணினிக் குரலில் ர, ற இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. ண, ன விஷயமும் அதே கதைதான். ரெண்டு சுழி, மூணு சுழி என்று பள்ளிக்கூடத்தில் கற்றதெல்லாம் கண்ணுக்கான அடையாளங்கள், காதுக்கு ஏது சுழி?

புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்கள் முதல் நாளே தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தால் தமிழ் அடிக்கும் பழைய அஞ்சல் முறையில் 'ஷிப்ட்' அழுத்தினேனா இல்லையா என்று எனக்கு ஓயாத சந்தேகம். தமிழ்99-இல் விரலுக்கே எழுத்து தெரியும். வலது ஆள்காட்டி விரல் மேலே போனால் ற, கீழே இறங்கினால் ர. மேல் வரிசையில் நடுவிரல் ன, சுண்டுவிரல் ண. இரண்டு மாதம் வேர்த்துக் கொட்டியது. இப்போது தப்பாக அடித்தால் விரல் உடனே கூசுகிறது.

அப்படியும் சந்தேகம் வந்தால், அந்த எழுத்தில் நின்று எண்பலகையின் 2-ஐ மூன்று முறை வேகமாக அழுத்துவேன். என்விடிஏ அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணை, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணைச் சொல்லும். 2992 என்றால் ர, 2993 என்றால் ற, 2979 ண, 2985 ன. நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறவர்போல நான் இவற்றை முணுமுணுப்பதைக் கேட்டு, என் கணவர் ஒரு சனிக்கிழமை 2993-ஐ எழுதிவிட்டு வந்தார். விழவில்லை.

போட்டிக்குத் திரும்புகிறேன். விதிமுறைகளைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் கணினி "எம் கே செமிகோலன் கே எச்" என்று ஓதியது. ஃபோன் செய்து, யூனிகோடில் அனுப்புங்கள் என்றேன். "அது தமிழ்லதானே இருக்கு" என்றார்கள். மூன்றாவது அழைப்பில்தான் ஒரு பெண் புரிந்துகொண்டு, பத்தே நிமிடத்தில் அனுப்பிவைத்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். இரண்டு வாரம் அலைக்கழித்தது அந்தப் பத்து நிமிட வேலைதான்.

வெற்றுத் தாள் அவமானத்துக்குப் பிறகு கண்டுபிடித்த ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கதைத் தலைப்பையும் பக்க எண்ணையும் ஆங்கில எழுத்தில் போட்டுவிடுவேன். அச்சானதும் சீயிங் ஏஐ செயலியைத் தாளின்மேல் பிடித்தால் அதை வாசித்துவிடும். ஒன்றும் சொல்லாவிட்டால் தாள் தலைகீழாக இருக்கிறது, அல்லது மை இல்லை. ஏழு தாளுக்கும் ஏழு முறை.

இரண்டாம் முறை போனபோதும் அதே தம்பிதான். தாள்களைப் புரட்டுவது கேட்டது. "இருக்கா?" என்றேன். "இருக்கு ஆன்ட்டி" என்றார். பிறகு கையெழுத்துக்காக என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். கையை உருவிக்கொண்டு, பையிலிருந்த ஈஸி-லிங்க் பயண அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "கோட்டுக்கு நேரா இதை மட்டும் வைங்க தம்பி, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அட்டையின் விளிம்பை விரலால் தடவி, அதை ஒட்டியே போட்டேன். கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறிவிட்டதாம். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.