போல்ட்டில் நிற்பது கழலட்டும்

ஜனவரி 10

காரை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தாயிற்று. 1970 டாட்ஜ் டார்ட், 318 வி8 இன்ஜின், பாதி டேங்க் பெட்ரோல், உள்ளே ஆள் இல்லை: 1,410 கிலோ. லாரிகளுக்கான மேடை, 10 கிலோ படியில்தான் காட்டும். ஐந்து கிலோ குறைத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் இனி கழற்றும் ஒவ்வொன்றையும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்து, சுவரில் ஒட்டிய தாளில் எழுதிவிடுவது. மேடைக்கு மறுபடி போவது கடைசியில்தான்.

என் ஆட்டம் டிராக் (drag) ரேஸ்: நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல். போன சீசனின் கடைசி ஓட்டத்தில் கால் மைலுக்கு 15.82 விநாடி. அதில் முதல் 60 அடிக்கு மட்டும் 2.31. இந்த வருஷம் இன்ஜினைத் தொடக் காசு இல்லை. மிச்சம் இருக்கும் வழி, இன்ஜின் இழுக்க வேண்டியதைக் குறைப்பது.

எவ்வளவு கிடைக்கும்? டிராக்கில் எல்லார் வாயிலும் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ குறைந்தால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு குறையும். இன்னும் கொஞ்சம் சரியாகச் சொன்னால், எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டித்தான் கால் மைல் நேரம் போகிறது. எடை 10 சதவீதம் குறைந்தால் நேரம் சுமார் 3.5 சதவீதம் குறையும். பத்து விநாடியில் ஓடுகிறவனைவிட என்னைப் போல 16-ஐ உரசிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அதே 45 கிலோவில் லாபம் அதிகம். மெதுவான வண்டி வைத்திருப்பதில் இருக்கும் ஒரே சௌகரியம்.

ஜனவரி 11

ஆரம்பிக்கும் முன்னாலேயே தம்பியிடம் ஒரு விதியைச் சொல்லிவிட்டேன். போல்ட்டில் நிற்பது கழலட்டும், வெல்டிங்கில் நிற்பது நிற்கட்டும். இத்தனை வயதான வண்டி. நாளைக்கே மனசு மாறினால் எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட முடிய வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனிப் பையில், மேலே பெயர் எழுதி.

முதலில் செலவே இல்லாதவை. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் சேர்ந்து 22 கிலோ. டிராக்கில் பஞ்சரானால் எப்படியும் தள்ளிக்கொண்டுதான் வரப்போகிறோம். பின் சீட்டின் கீழ் மெத்தையை உள்பக்கமாக அழுத்தித் தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபட்டுவிடும். முதுகுச் சாய்வுக்கு அடியில் போல்ட்டுகள், மேலே கொக்கி. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் 15 கிலோ வெளியே வந்துவிட்டது. முன் பம்பரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பம்பர் கார்டும் 3 கிலோ.

40 கிலோ, காலணா செலவில்லை. இந்த வேகத்திலேயே போகும் என்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜனவரி 18

கார்பெட்டை உருவினோம். எடை கார்பெட்டில் இல்லை, அடியில் இருக்கும் சணல் விரிப்பில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கால்மாட்டில் அது ஈரம் குடித்துக் கனத்துப் போயிருந்தது. விண்ட்ஷீல்டு ரப்பரில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து 9 கிலோ. காய்ந்திருந்தால் ஒரு கிலோவாவது குறைவாகக் காட்டியிருக்கும்.

ஜனவரி 25

இன்றைய வேலை தரையில் இருக்கும் தார். தரைத் தகடு அதிர்ந்து சத்தம் போடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஒட்டிவிட்ட கறுப்புத் தார் அட்டை. இத்தனை வருஷத்தில் தகட்டோடு ஒன்றிப் போயிருந்தது. ஹீட் கன்னால் சூடுபண்ணிச் சுரண்டினால் வரும், ஆனால் சூயிங்கம் மாதிரி இழுத்துக்கொண்டு, சுரண்டும் கத்தி, கை, முழங்கால் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டுதான் வரும்.

அதற்கு உலர் பனி எவ்வளவோ மேல். உறைந்த கார்பன் டைஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி. துண்டுகளைத் தட்டையான தரையில் பரப்பி மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிட்டோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து டிக், டிக் என்று சத்தம். தகடு ஒரு அளவு சுருங்குகிறது, தார் இன்னொரு அளவு சுருங்குகிறது, நடுவில் ஒட்டு விட்டுப் போகிறது. கம்பளியை விலக்கி ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கறுப்புக் கண்ணாடி போல விரிசல் ஓடி, உள்ளங்கை அகலச் சில்லுகளாகப் பெயர்ந்து வந்தது. அடியில் 1970-இன் பெயின்ட் அப்படியே பளபளவென்று. சரிவான இடங்களில் பனி நிற்காது, அங்கே மட்டும் ஹீட் கன்தான்.

இரண்டு எச்சரிக்கை. வெறும் கையால் தொடக் கூடாது. தடித்த கையுறை வேண்டும். அப்புறம், அந்த வாயு காற்றைவிடக் கனமானது, காரின் தரையில்தான் போய்த் தேங்கும். நாலு கதவு கார் என்றால் நாலையும், என்னுடையதில் இருக்கும் இரண்டையும் ஹா என்று திறந்துவைத்து, தலையை உள்ளே விட்டபடி வேலை செய்யாமல் இருப்பது நல்லது. கராஜ் கதவும் திறந்தே இருக்கட்டும்.

8 கிலோ. இவ்வளவு பாட்டுக்கு இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆனால் ஓரத்து வெல்டிங் மடிப்பில் அரும்பியிருந்த துரு கண்ணில் பட்டதே, அதற்காகவே செய்திருக்கலாம். கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் அடித்தாயிற்று.

பிப்ரவரி 1

தம்பி டிரில்லும் கையுமாக வந்து நின்றான். "அண்ணே, கதவுக்குள்ள, தூணுக்குள்ள, அங்கங்க ஓட்டை போட்டுடலாமா? அந்தக் காலத்துல கம்பெனிக்காரனே போட்டிருக்கானே!"

போட்டிருக்கிறார்கள்தான். 1963-இல் பாண்டியாக் கம்பெனி டிராக் ரேஸுக்கென்று 14 கட்டலினா கார்களின் சேசிஸ் சட்டத்தில் பெரிய பெரிய ஓட்டைகளாகப் போட்டது. சுவிஸ் சீஸ் என்றே அந்தக் கார்களுக்குப் பெயர் வந்துவிட்டது. 1964 ஃபோர்டு தண்டர்போல்ட்டில் முன் ஃபெண்டரும் போனட்டும் ஃபைபர்கிளாஸ். எங்கள் டார்ட்டின் பெரியண்ணன், 1968 ஹெமி டார்ட், இன்னும் ஒரு படி மேலே: முன்பக்கம் ஃபைபர்கிளாஸ், கதவில் மெல்லிய கண்ணாடி, அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியையே தூக்கி எறிந்துவிட்டு கையால் இழுக்க ஒரு வார்ப்பட்டை. சீட்டுக்கு டாட்ஜ் ஏ100 வேனின் சீட். பின் சீட்டே கிடையாது.

ஆனால் கட்டலினாவுக்குத் தனி சேசிஸ். டார்ட்டுக்கு அது இல்லை. தரை, பக்கவாட்டுப் பெட்டி, தூண் எல்லாம் சேர்ந்துதான் உடம்பு; ஒவ்வொரு தகடும் பாரம் சுமக்கிறது. சரி, பயத்தை விட்டுவிடுவோம், கணக்குப் பார்ப்போம் என்று தாளை எடுத்தேன். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் 50 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் போகும் இரும்பு சுமார் 18 கிராம். 50 ஓட்டை போட்டாலும் ஒரு கிலோ தேறாது. ஒரு நாள் முழுக்க டிரில் ஓட்டி, வண்டியையும் பலவீனமாக்கி, ஒரு பாட்டில் தண்ணீர் எடைகூட மிஞ்சாத வேலை.

டிரில்லை வாங்கி அலமாரியில் வைத்தேன். "போனட்டாவது ஃபைபர்ல போடலாம்ல?" என்றான். போடலாம், முன்பக்க எடை நன்றாகவே குறையும். ஆனால் அது வாங்க வேண்டிய சாமான். கழற்ற இன்னும் இருக்கும்போது வாங்குவானேன்?

பிப்ரவரி 8

ஹீட்டர் பெட்டி, அதன் குழாய்கள், உள்ளே நின்ற தண்ணீர், கூடவே ரேடியோவும் ஸ்பீக்கரும்: 11 கிலோ. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலை, முதுகுக்கு ஆகாது.

கழற்றினால் மட்டும் போதாது. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் பிரித்துவிடும் வார்ப்பு) ஹீட்டருக்குப் போன வழியும் அங்கிருந்து வாட்டர் பம்ப்புக்குத் திரும்பிய வழியும் திறந்து கிடக்கும்; இரண்டையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்துவிட்டேன். ஃபயர்வாலில் விழுந்த ஓட்டைகளை டேப் ஒட்டி மூடக் கூடாது, தகடு போட்டுத்தான் மூட வேண்டும். அந்தப் பக்கம் இன்ஜின், இந்தப் பக்கம் என் கால். மழை நாளில் இனிக் கண்ணாடியில் பனி படியும். மழையில் டிராக் திறக்க மாட்டார்கள் என்பதால் பாதகமில்லை. தினமும் ஓட்டும் வண்டியாக இருந்தால் ஹீட்டரைத் தொடவே மாட்டேன்.

பிப்ரவரி 15

முன் பெஞ்ச் சீட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. பதிலுக்கு ஓட்டுநருக்கு மட்டும் ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் பக்கெட் சீட், அடியில் இரும்பு பிராக்கெட். பிராக்கெட்டையும் சேர்த்துக் கணக்கிட்டே 22 கிலோ லாபம். இதுவரை செய்ததில் ஸ்டெப்னி, ஜாக்கி வகைக்குச் சமமான பெரிய வரவு. பிராக்கெட் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை: சீட்டும் பெல்ட்டும் தரையைப் பிடிக்கும் இடங்களில் அடியில் தடித்த தகடு கொடுத்தாயிற்று. மெல்லிய தரையில் வெறும் வாஷர் போட்டால், இடிபடும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

பிப்ரவரி 22

சுவரில் இருக்கும் தாளைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. டிக்கியிலும் பின் சீட்டிலுமாக 37 கிலோ பின்பக்கத்திலிருந்து போயிருக்கிறது. முன் மூக்கிலிருந்து போனது ஹீட்டரும் பம்பர் கார்டும்தான். பின் சக்கரம் ஓட்டும் கார் இது. டயரை அழுத்தும் எடையைக் குறைத்தால் கிளம்பும்போது புகைதான் வரும்.

பலர் இந்த இடத்தில் சின்னப் பேட்டரி வாங்குவார்கள். பத்து கிலோ குறையும், நல்ல விலையும் ஆகும். நான் இருக்கும் 18 கிலோ பேட்டரியையே டிக்கிக்குக் கொண்டுபோனேன், அதுவும் வலது மூலைக்கு. இன்ஜின் முறுக்கு டிரைவ் ஷாஃப்ட் வழியாகப் போகும்போது பின் அச்சைத் திருகப் பார்க்கும். அதில் வலது பின் டயர்தான் தரையை விட்டு இளகும். அங்கே எடை உட்கார்ந்தால் நல்லது. பெட்டியும் தடித்த கேபிளும் 4 கிலோ கூட்டிவிட்டன. தாளில் கூட்டல் குறி போட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. போட வேண்டியதுதான்.

பேட்டரியை இடம் மாற்றினால் அதற்கென்று விதிகள் உண்டு. அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பு வண்டியின் பின்புறத்தில், வெளியிலிருந்து எட்டும்படி மெயின் சுவிட்ச் கேட்கிறது. அணைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினும் நிற்க வேண்டும். பேட்டரியை வெறும் பட்டையால் கட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், உலோகப் பிடிமானம் வேண்டும். கேபிள் தகட்டைத் துளைக்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, சைலன்சர் பக்கம் போகாமல் இழுத்தோம்.

மார்ச் 1

பின் சீட் போனதால் டிக்கிக்கும் எனக்கும் நடுவே வெறும் வெளி. பேட்டரியும் பெட்ரோல் டேங்க்கும் அந்தப் பக்கம். 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி, ஸ்க்ரூ போட்டு அடைத்தோம். பிளஸ் 3 கிலோ.

பின் ஜன்னல்களுக்கு பாலிகார்பனேட் போடுவது பற்றி யோசித்தேன். ஒரே தடிமனுக்குக் கண்ணாடியில் பாதி எடைதான் இருக்கும். ஆனால் கீறல் விழும், விலையும் கொடுக்க வேண்டும். பாலிகார்பனேட்டுக்குப் பதில் மலிவாக இருக்கிறதே என்று சாதாரண அக்ரிலிக் மட்டும் வேண்டவே வேண்டாம், அது உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் உடையும். இப்போதைக்கு ஜன்னல் அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 8

எடை மேடை. டேங்க்கில் 12 லிட்டர் மட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும், ஜனவரியில் இருந்ததைவிட இதிலேயே 16 கிலோ குறைவு. அதற்கும் கீழே இறக்க மாட்டேன். கிளம்பும் வேகத்தில் பெட்ரோல் பின்னால் ஓடி பம்ப் காற்றை இழுத்தால் ஓட்டமே போய்விடும்.

தாளின் கணக்குப்படி 1,311. மேடை காட்டியது 1,310.

முன்பக்கம் லேசானதும் மூக்கு கொஞ்சம் தூக்கி நிற்கிறது. டார்ட்டில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும் இரும்புத் தண்டு. சரிசெய்யும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் இறங்கிவிடும். உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் மாறும் என்பதால் அதையும் பார்த்தாயிற்று.

மார்ச் 15

டிராக். அதே டயர், அதே காற்றழுத்தம். என்னையும் சேர்த்தால் 1,490 கிலோவாக இருந்தது இப்போது 1,390. கனமூலக் கணக்கு சொன்னது 15.46.

நல்ல ஓட்டத்தின் ஸ்லிப்: 15.39. அறுபதடி 2.22.

கணக்கைவிட நூறில் ஏழு பங்கு கூடுதலாகக் கிடைத்ததற்கு பேட்டரிக்கு எவ்வளவு பங்கு, காலைக் குளிர் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறுபதடி இவ்வளவு குறைந்திருப்பதால் பேட்டரிக்குக் கொஞ்சமாவது இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து லேனில் ஓடியவர் வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?" என்றார். சத்தம் உண்மையிலேயே பயங்கரம். கியர்பாக்ஸ் என் மடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

மார்ச் 19

பெஞ்ச் சீட்டையும் ஹீட்டர் பெட்டியையும், இதே மாடலைப் பழையபடி புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவர் வந்து எடுத்துப்போனார். பக்கெட் சீட், கேபிள், அலுமினியத் தகடு, உலர் பனி எல்லாவற்றின் செலவும் அதில் அடைந்து கொஞ்சம் மிஞ்சியது. பின் சீட்டைக் கேட்டார், கொடுக்கவில்லை.

மிஞ்சியதை என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. தம்பிக்கு ஃபைபர் போனட் வேண்டும். எனக்கு அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு; இப்போது இருப்பது வார்ப்பிரும்பு, அதுவும் சரியாக முன் அச்சுக்கு மேலே. பழையது எங்காவது கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.