ராத்திரி ரெண்டே முக்காலுக்கு வந்த கரண்ட்

மிக்ஜாம் புயலப்போ எங்க வீட்டு மேல் டேங்க்ல மிச்சம் இருந்த நல்ல தண்ணில சாக்கடையைக் கலந்தது யாருன்னு கேட்டீங்கன்னா, நான்தான். நேரா நான் கலக்கல, நான் ஆசையா வாங்கி மாட்டின ஸ்மார்ட் மோட்டார் கன்ட்ரோலர் கலந்துச்சு. எங்க அம்மா கணக்குல ரெண்டும் ஒண்ணுதான்.

மடிப்பாக்கத்துல தனி வீடு, கீழ வாடகைக்கு ஒரு குடும்பம், மேல நாங்க. 2012-ல கரண்ட் கட் உச்சத்துல இருந்தப்போ, சென்னைக்காவது தினம் ரெண்டு மணி நேரத்தோட விட்டாங்க, என் மாமியார் வீடு இருக்கிற மதுரைப் பக்கமெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல போகும், அப்போ அப்பா வாங்கி வச்ச இன்வெர்ட்டர்தான் இன்னும் ஓடுது, பேட்டரி மட்டும் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துவோம். 150 ஏஹெச் (எவ்வளவு கரண்ட் சேத்து வைக்கும்னு சொல்ற அளவு), தண்ணி ஊத்துற டியூபுலர் ரகம், ஒண்ணே ஒண்ணு. மூணு மாசத்துக்கு ஒருதடவை டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது என் வேலை, அதை மறக்கிறதும் என் வேலை.

அப்புறம் லாக்டவுன் வந்துச்சா, வீட்டுல உட்கார்ந்து வேலை, கையில கொஞ்சம் காசு, ஆன்லைன்ல ஆஃபர். பல்ப்ல ஆரம்பிச்சேன். அப்புறம் பிளக், ஸ்விட்ச், கேமரா நாலு, ரூமுக்கு ஒரு ஸ்பீக்கர், மாடிக்கு வைஃபை சிக்னல் எட்டலைன்னு ரெண்டு மெஷ் பாக்ஸ், கடைசியா டேங்க் காலியானா தானே ஓடி நிரம்பினா தானே நிக்கிற மோட்டார் கன்ட்ரோலர். அதை மாட்டுறதுக்காக அப்பா காலத்து ஸ்டார்ட்டர் பெட்டியை, அதான் பச்சை பட்டன் சிவப்பு பட்டன் இருக்குமே, அதைக் கழட்டிப் பரண்ல போட்டேன். இந்தப் பெட்டி பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின நாள்ல இருந்தே விடாம மழை, காலைல ஆறரைக்கு கரண்ட் போச்சு. தெருவோர பில்லர் பாக்ஸ் எல்லாம் தண்ணில நிக்கும்போது கரண்டை நிறுத்தித்தான் ஆகணும், இல்லன்னா நடந்து போறவன் செத்துடுவான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இன்வெர்ட்டர் இருக்கு, நமக்கென்ன, டிவியைப் போட்டு நியூஸ் பார்ப்போம்னு உட்கார்ந்தோம். பத்து மணி ஆகல, கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. ஓவர்லோடுன்னு நினைச்சு ஒரு லைட்டை அணைச்சேன், அஞ்சு நிமிஷத்துல மொத்தமா படுத்துடுச்சு. அப்புறம் மூணாவது நாள் ராத்திரி வரைக்கும் மெழுகுவர்த்திதான்.

இருட்டுல வேற வேலை இல்லாம ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன். பேட்டரி 12 வோல்ட், 150 ஏஹெச், பெருக்கினா 1800 வாட் ஹவர், அதாவது பேப்பர்ல ஒண்ணே முக்கால் யூனிட் சொச்சம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாத்தான் அவ்வளவு கிடைக்கும், வேகமா உறிஞ்சினா டியூபுலர் பேட்டரி இன்னும் கம்மியாத்தான் தரும், இன்வெர்ட்டர் வேற தன் பங்குக்கு நஷ்டம் பண்ணும். சரி, செலவு எவ்வளவு? பழைய ஃபேன் ரெண்டு, ஒண்ணு 75 வாட், ஆக 150. டியூப்லைட் நாலு, 80. டிவியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து ஒரு 95. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இதுக்கு மேலதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. கேமரா நாலு இருபது வாட், அதோட ரெக்கார்டர் பெட்டி பன்னெண்டு, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் பன்னெண்டு, மெஷ் ரெண்டும் பதினாலு, ஸ்பீக்கர் மூணும் ஆறு, அணைஞ்சு கிடக்கிற ஸ்மார்ட் பல்பும் ஸ்விட்ச்சும் பதினாறு இருக்கு, ஒண்ணுக்கு அரை வாட்னு வச்சா எட்டு. கூட்டினா 72. யாரும் எதையும் தொடாம, வீடு சும்மா முழிச்சிட்டு இருக்கிறதுக்கே 72 வாட். இருபத்து நாலு மணி நேரத்துக்குப் பெருக்குங்க, 1728. என் முழு பேட்டரி. வீட்டுல ஒரு ஃபேன்கூட ஓடல, ஒரு லைட்கூட எரியலன்னாலும் இந்த அறிவாளிங்க மட்டுமே ஒரு நாளைக்கு ஒரு பேட்டரியைத் தின்னு தீர்த்துடுவாங்க.

சரி, தின்னாங்களே, உபயோகமா இருந்தாங்களான்னா அதுவும் இல்ல. கரண்ட் போன கொஞ்ச நேரத்துலயே ஃபைபர் நெட் செத்துடுச்சு. ஃபைபர் லைன் கண்ணாடிதானே, அதுக்கு எதுக்கு கரண்ட்னு தோணும், ஆனா அந்தப் பக்கம் ஆபரேட்டர் பெட்டிக்கு கரண்ட் வேணும், அவங்க பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும். மத்தியானத்துக்குள்ள மொபைல் சிக்னலும் போச்சு, டவருக்கும் அதே கதி. என் பல்ப் எல்லாம் கிளவுட்ல, அதாவது எங்கயோ இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டர்ல இருந்து நெட் வழியா உத்தரவு வந்தாத்தான் கேக்கிற ரகம். ரவுட்டர் உசுரோட இருந்த அந்த மூணு மணி நேரத்துலகூட, போனுக்கும் பல்புக்கும் நடுவுல பத்தடி தூரம், ஆனா ஆப் சுத்திக்கிட்டே இருக்கு. ஸ்பீக்கர்கிட்ட லைட்டை அணைன்னு சொன்னா நெட் இல்லைன்னு இங்கிலீஷ்ல மன்னிப்பு கேக்குது. என் மனைவி எழுந்து போய் சுவத்து ஸ்விட்ச்சைத் தட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம வந்து உட்கார்ந்தா. பேசியிருந்தாக்கூட பரவால்ல.

கதவுக்குப் போட்ட ஸ்மார்ட் லாக் மட்டும் மானத்தைக் காப்பாத்துச்சு, அதுக்குள்ள தனியா பென்சில் செல் இருக்கு. அது போனாலும் வெளியில 9 வோல்ட் பேட்டரியை ஒட்டி வச்சுத் திறக்கலாம். இருந்தாலும் இரும்புச் சாவி ஒண்ணு எதிர் வீட்டுல எப்பவும் இருக்கு.

எங்க தெரு முனைல ஒருத்தர் மாடி நிறைய சோலார் போட்டிருக்கார். மூணாவது நாள் லேசா வெயில் எட்டிப் பார்த்ததும் அவர் வீட்டுக்குப் போய் போன் சார்ஜ் போடலாம்னு போனேன். அவரும் இருட்டுல உட்கார்ந்திருந்தார். ஆன்கிரிட் சோலார்னா, அதாவது ஈபி லைனோட சேர்த்துக் கட்டினதுன்னா, ஈபி கரண்ட் போன உடனே அதுவும் தானா நின்னுடும், நிக்கணும், இல்லன்னா நம்ம பேனல் கரண்ட் லைன்ல ஏறி கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேனை அடிச்சிடும். கரண்ட் கட்லயும் சோலார் வேணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும், அது தனிக் காசு. இப்போ மானியம் வருதுன்னு நிறைய பேர் போடுறாங்க, போடுங்க, நல்லதுதான், ஆனா கரண்ட் கட்டுக்கு ஆச்சுன்னு நினைச்சுப் போடாதீங்க.

சரி, அந்த ராத்திரி. ஆறாம் தேதி சாயங்காலமே தெருத் தண்ணி வடிஞ்சிருந்துச்சு. மேல் டேங்க்ல கால்வாசி தண்ணி, அம்மா மூணு நாளா ஆளுக்கு ரெண்டு பக்கெட்னு ரேஷன் போட்டு மிச்சம் பிடிச்சது. எல்லாரும் ஹால்ல படுத்துத் தூங்கிட்டிருக்கோம். ரெண்டே முக்காலுக்கு திடீர்னு கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ஸ்மார்ட் பல்பும் ஃபுல் வெள்ளையில எரியுது, பெட்ரூம், பாத்ரூம், பால்கனி, பூஜை ரூம் எல்லாம். ஸ்பீக்கர் ஒவ்வொண்ணா டிங் டிங்னு எழுந்திரிக்குது. கரண்ட் வந்தா எரியணுங்கிறதுதான் அந்த பல்புகளுக்கு ஃபேக்டரில சொல்லிக் கொடுத்த பாடம். ஆப்ல அணைக்கலாம்னா ரவுட்டரே முழிச்சு வர மூணு நிமிஷம், அதுக்கப்புறமும் நெட் இல்ல. குழந்தை அழுவுறா, நான் ஒவ்வொரு ரூமா ஓடி ஸ்விட்ச்சை அணைச்சிட்டிருக்கேன்.

அந்தக் களேபரத்துல அம்மாதான் சொன்னாங்க, "டேய், மோட்டார் ஓடுதுடா."

டேங்க் கால்வாசிதான் இருக்குன்னு கன்ட்ரோலருக்குத் தெரியும், கரண்ட் வந்துடுச்சுன்னு தெரியும், சம்ப்ல, அதாவது தரைக்கடித் தொட்டில, தண்ணி நிறைய இருக்குன்னும் தெரியும். அந்தத் தண்ணி எதுன்னு மட்டும் தெரியாது. சம்ப் மூடி தரை மட்டத்துல இருக்கு, ரெண்டு நாள் தெருத் தண்ணி அது மேல நின்னுச்சு, எங்க தெருவுல மழைத் தண்ணின்னா அதுல என்னென்ன கலந்திருக்கும்னு மடிப்பாக்கம்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நான் கீழ ஓடிப்போய் மெயினை இறக்குறதுக்குள்ள அது தன் கடமையைச் செஞ்சு முடிச்சிடுச்சு. மெயினை நாலாம் தேதி காலைலயே, தண்ணி கேட்டுக்குள்ள வரும்போதே இறக்கி வச்சிருக்கணும். மீட்டர் போர்டு கீழ் மாடிப்படி ஓரத்துல இருக்கு. அந்த புத்தி எனக்கு வரல, கன்ட்ரோலருக்கு எப்படி வரும்.

தண்ணி லாரிக்கு அலைஞ்சது, டேங்க்கையும் சம்ப்பையும் ரெண்டு தடவை பிளீச்சிங் போட்டுக் கழுவினது எல்லாம் வேண்டாம், நினைச்சாலே நாத்தம் அடிக்குது.

ஜனவரில எலக்ட்ரிஷியன் அண்ணன் வந்தார். நான் இன்னும் நல்ல கன்ட்ரோலர், சம்ப்ல இன்னொரு சென்சார்னு ஏதேதோ பிளான் சொல்லிட்டு இருக்கேன், அவர் பொறுமையா கேட்டுட்டு, பழைய ஸ்டார்ட்டர் பெட்டி எங்க தம்பின்னார். பரண்ல இருந்து எடுத்துக் கொடுத்தேன். அதுக்குள்ள ஒரு காயில் இருக்கு, கரண்ட் போனா அது விட்டுடும், மறுபடி கரண்ட் வந்தாலும் தானா பிடிக்காது, யாராவது வந்து பச்சை பட்டனை அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். அதை வேலை மெனக்கெட்டுக் கழட்டிப் போட்டவன் நான். இப்போ ரெண்டும் இருக்கு, டேங்க் நிரம்பினா கன்ட்ரோலர் நிறுத்தும், ஆரம்பிக்கிறது மட்டும் மனுஷ விரல்.

மத்ததையும் அந்த ஒரு கேள்வியை வச்சே பார்த்தேன். கரண்ட் போய் வந்தா நீ என்ன பண்ணுவே? பல்ப் செட்டிங்ஸ்ல ரொம்ப உள்ள போனா மூணு ஆப்ஷன் இருக்கும், எரி, எரியாதே, கடைசியா எப்படி இருந்தியோ அப்படியே இரு. என் பல்ப்ல பாதிக்கு அந்த ஆப்ஷனே இல்ல, அதையெல்லாம் எடுத்துட்டு அதே இடத்துல சாதாரண 9 வாட் எல்ஈடி போட்டாச்சு. மிச்சத்தை நெட் இல்லாமலே பேசுற ஜிக்பீ ரகத்துக்கு மாத்தி, ராஸ்பெர்ரி பைங்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டன்ட்ங்கிற சாஃப்ட்வேர் போட்டுக் கட்டிட்டேன், நெட் இல்லன்னாலும் வீட்டுக்குள்ளயே பேசிக்கும், அது மொத்தமே அஞ்சு வாட்தான். அதுலயும் ஒரு அடி வாங்கினேன். எஸ்டி கார்டுல ஓட்டிட்டிருந்தேன், ஒருநாள் பட்டுனு கரண்ட் போனதுல கார்டு கெட்டு எல்லா செட்டிங்கும் போச்சு. இப்போ எஸ்எஸ்டி, கூடவே ரவுட்டருக்கு வாங்கின சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் மாதிரி இதுக்கும் தனியா ஒண்ணு.

கரண்ட் போனது வீட்டுக்கு எப்படித் தெரியும்? எல்லாம்தான் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கே. அதுக்கு நான் பண்ணின தில்லாலங்கடி எனக்கே ரொம்பப் பிடிக்கும். இன்வெர்ட்டர்ல சேராத ஒரு பிளக்ல பழைய போன் சார்ஜர், அதுல ஒரு அஞ்சு வோல்ட் ரிலே, அதாவது கரண்ட்ல இயங்குற ஸ்விட்ச், ரிலேயோட காண்டாக்டை ஒரு கதவு சென்சாருக்குள்ள சால்டர் பண்ணி விட்டேன். ஈபி கரண்ட் போனா ரிலே விட்டுடும், சென்சார் கதவு திறந்திருக்குன்னு நினைச்சுக்கும், அந்த செகண்டே மூணு கேமரா, ரெக்கார்டர், மெஷ், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கிற பிளக்கை ராஸ்பெர்ரி பை அணைச்சிடும். கரண்ட் வந்து பத்து நிமிஷம் நிலையா இருந்தாத்தான் திரும்பப் போடும், ஏன்னா நம்ம ஊர்ல கரண்ட் வரும்போது ரெண்டு தடவை கண்ணடிச்சிட்டுத்தான் வரும். ஃபேன் ரெண்டையும் கம்மி கரண்ட்ல ஓடுற பிஎல்டிசி ரகமா ஆக்கியாச்சு, 75 இருந்த இடத்துல 30. இன்வெர்ட்டர் பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டா மாறுறப்போ ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகாது, ஆனா லோ வோல்டேஜ் இருந்தா சும்மா சும்மா பேட்டரிக்குத் தாவும், எங்க தெருவுக்கு பரவால்ல, உங்க தெருவுக்கு எப்படியோ.

லித்தியம் போடுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. 12.8 வோல்ட் 100 ஏஹெச்னா 1280 வாட் ஹவர், கிட்டத்தட்ட முழுசா எடுக்கலாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், தண்ணி ஊத்த வேண்டாம். உண்மைதான். ஆனா என் பழைய இன்வெர்ட்டரோட சார்ஜிங் அதுக்கு ஒத்துவராது, ரெண்டையும் மாத்தணும். லோடை நானூறு வாட்ல இருந்து நூத்திப்பத்துக்கு இறக்கின பிறகு அந்த அவசரம் எனக்கு இல்ல.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். எங்க பக்கம் ஒம்பது மணி நேரம் கரண்ட் இல்ல. ஃபேன், ரெண்டு லைட், ரவுட்டர், பை எல்லாம் ஓடிட்டே இருந்துச்சு, இன்வெர்ட்டர் ஒரு தடவைகூட கத்தல. தண்ணி கேட்டுக்கிட்ட வந்ததுமே மோட்டார் மெயினை இறக்கியாச்சு. கரண்ட் வந்தது ராத்திரி எத்தனை மணிக்குன்னு மறுநாள் ராஸ்பெர்ரி பைல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ஒரு பல்ப்கூட எரியல, குழந்தை அசையல.

காலைல மழை விட்டதும் மெயினைத் தூக்கிட்டு, நான் ஆப்ல சம்ப் லெவல் பார்த்து, போடலாம்மான்னு மாடில இருந்து குரல் கொடுத்தேன். அம்மா கீழ சம்ப் மூடியை நகர்த்தி, டார்ச் அடிச்சு, கயிறு கட்டின சொம்பை இறக்கி ஒரு சொம்புத் தண்ணி மொண்டு, கையில ஊத்தி மோந்து பார்த்துட்டு, அப்புறம்தான் போய் பச்சை பட்டனை அமுக்கினாங்க.