இரண்டு கண், இரண்டு நிறம், மூன்று போட்டோ

எனக்கு இடது கண் அடர் பழுப்பு, வலது கண் நீலம். லென்ஸ் எல்லாம் இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.

போன வாரம் அடையாள அட்டைக்குப் புதுப் படம் கேட்டார்கள். ஸ்டுடியோவில் ஸ்டூலில் உட்கார்ந்தேன், முகவாயைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், பளிச். கவரில் போட்டுக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய் அலுவலகத்தில் நீட்டினால், அங்கிருந்த அம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். படத்தில் இரண்டு கண்ணும் பழுப்பு.

ஸ்டுடியோக்காரருக்கு ஒரே பெருமை. "ஒரு கண்ணுல ஃபிளாஷ் பட்டு கலர் போயிருந்துச்சு தம்பி, அதான் நல்லா இருந்த கண்ணை எடுத்துத் திருப்பி ஒட்டிட்டேன். அதுக்குத் தனியா காசு வாங்கலையே!"

அண்ணே, என் கண்ணே இப்படித்தான் என்று நெருங்கிப் போய்க் காட்டினேன். உற்றுப் பார்த்தவர் நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். "அப்போ அந்தக் கண்ணால பார்த்தா எல்லாம் நீலமா தெரியுமா?"

தெரியாது. வெளிச்சம் உள்ளே போவது நடுவில் இருக்கும் பாவை வழியாக, அது இரண்டு கண்ணிலும் கறுப்புதான். அதைச் சுற்றியிருக்கும் வளையத்தில்தான் நிறம், அது மெலனின் என்ற நிறமி செய்யும் வேலை. வேடிக்கை என்னவென்றால் என் நீலக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. மெலனின் குறைந்த இடத்தில் வெளிச்சம் சிதறி நமக்கு நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வெயிலில் மட்டும் அந்தக் கண் கொஞ்சம் முன்னதாகவே இடுங்கிக்கொள்ளும். இதற்கு ஹெட்டரோகுரோமியா என்று பெயர் என்றேன். 'வியாதியா' என்பது போலப் பார்த்தார். இல்லை அண்ணே, எனக்கு வெறும் நிறம்தான், இடையில் திடீரென்று நிறம் மாறினால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

அதுவரை கணினிக்குப் பின்னால் இருந்த பையன் எழுந்து வந்தான். "இங்கிலீஷ் பாடகர் டேவிட் போவிக்கும் உங்கள மாதிரிதான் சார்." இந்த ஆறுதலைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது எனக்கு. அவருக்கு இரண்டு கண்ணும் நீலம்தான் தம்பி. 1962-ல் பள்ளித் தோழன் விட்ட ஒரு குத்தில் ஒரு பாவை விரிந்தது விரிந்தபடியே நின்றுவிட்டது, அதனால் அந்தக் கண் கறுப்பாகத் தெரியும். ஜோடி வேண்டுமானால் பேஸ்பால் வீரர் மேக்ஸ் ஷெர்சரைச் சொல், அச்சு அசல் என்னைப் போலவே வலது நீலம், இடது பழுப்பு. (அவர் பந்து வீசிச் சம்பாதித்ததையும் என் சம்பளத்தையும் யாரும் ஒப்பிட வேண்டாம்.)

பையன் விடவில்லை. "வெள்ளைப் பூனைக்கு இப்படி இருந்தா நீலக் கண் பக்கம் காது கேட்காதாமே?" அது பல பூனைகளுக்கு உண்மைதான். மனிதர்களிலும் வார்டன்பர்க் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் குறைபாடு உள்ள சிலருக்கு இரண்டும் சேர்ந்து வருவதுண்டு, எனக்கு அது இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் என் வலது பக்கமாக வந்து நின்று, "தம்பீ! வேற படம் எடுத்துடலாமா!" என்று கத்தினார். அதற்கு முன்பு இல்லாவிட்டாலும் அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் காது கேட்கவில்லை.

சரி என்று மறுபடி ஸ்டூல், மறுபடி பளிச். கண்ணைத் தொடவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன். தொடவில்லை. இந்த முறை அங்கேயே கவரைப் பிரித்தும் பார்த்தேன், இடது பழுப்பு, வலது நீலம், பிரமாதம்.

அலுவலகத்தில் அதே அம்மா. கண்ணைப் பார்த்தார், தலையாட்டினார். விண்ணப்பத்தைப் பார்த்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில் 'தாடையில் ஒரு மச்சம்' என்று எழுதியிருந்தேன்.

"மச்சம் எங்கே?"

அதையும் சும்மாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.