பாலாடையில் பிடித்த நட்சத்திரம்

மைத்துனன் முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, கையில் கேமராவை நிறுத்தும் முக்காலி. ராத்திரி வானத்தைப் படமெடுக்கக் கிளம்பியிருந்தோம். எனக்குச் சட்டைப்பையில் ஒரு காம்பாக்ட் கேமரா, அவ்வளவுதான். மலையேறும்போது மூன்று இடத்தில் நின்று, "தம்பி, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?" என்று அக்கறையாகக் கேட்டேன். பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. இருட்டும் வரைக்கும்தான் அந்தப் பெருமை.

சூரியன் இறங்கும் நேரம். எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ மோடில் ஒரு படம் எடுத்தேன். முன்னால் இருந்த புல் பச்சைப்பசேல் என்று வந்தது, வானம் வெளுத்த வேட்டியாக வந்தது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, ஒரு படி குறைத்ததும் ஆரஞ்சு நிறம் திரும்பிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கேயோ படித்த அறிவு சும்மா இருக்கவிடுமா? நிலக்காட்சி என்றால் ஒளி நுழையும் ஓட்டையை, அதாவது அப்பெர்ச்சரைச் சுருக்கவேண்டும், அப்போதுதான் பக்கத்துக் கல்லும் தூரத்து மலையும் ஒரே கூர்மையில் விழும். எஃப் 8 வரை சுருக்கினேன் (எஃப் எண் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்). படம் ஒரே மங்கல். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் மங்கல்தான்.

"மாமா, ஒளியைப் பிடிக்கிற உங்க சென்சார் ரொம்பச் சின்னது. அதுக்கு எஃப் 3லயே கல்லும் மலையும் ஃபோகஸ்ல இருக்கும். மேல மேல சுருக்கினா ஓட்டை வழியா போற ஒளி பரவிடும், கூர்மை போயிடும்" என்றான். எவ்வளவு சின்னது என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. என்னுடையது 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். அவனுடையது 36-க்கு 24. பரப்பில் ஏறக்குறைய 30 மடங்கு. அதாவது ஒளி என்கிற மழையை அவன் அண்டா வைத்துப் பிடிக்கிறான், நான் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இருட்டியது. எதிர்மலையைக் குறிவைத்து அழுத்தினேன். என்னைக் கேட்காமலே ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. எதிர்மலை குறைந்தது 5 கிலோமீட்டர், ஃபிளாஷ் எட்டுவது 3, 4 மீட்டர். எட்டிய தூரத்தில் இருந்தது மைத்துனனின் முழங்கால். அதுவும் காற்றில் மிதக்கும் ஏழெட்டு வெள்ளை வட்டங்களும் படத்தில் பிரமாதமாக விழுந்திருந்தன. லென்ஸுக்கு ஒட்டினாற்போல் ஃபிளாஷ் இருப்பதால் மூக்குக்கு முன்னால் பறக்கும் தூசியெல்லாம் ஒளியைத் திருப்பி லென்ஸுக்குள்ளேயே அனுப்பிவிடும். ஃபோகஸில் இல்லாததால் ஒவ்வொரு தூசியும் ஒரு வட்டம். இந்தப் படத்தை அப்போதே அழித்திருக்கவேண்டும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு அப்புறம் வேலை இருக்கிறது.

முக்காலி கொண்டுவராததால் ஒரு பாறைமேல் என் செருப்பை வைத்து, செருப்புமேல் கேமராவைச் சாய்த்தேன். விரல் பட்டால்கூட ஆடிவிடும் என்பதால் 2 விநாடி டைமர். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஆட்டத்தடுப்பு, அசையாத பாறையில் இருக்கும்போது தானாகவே ஆடித் தொலைக்கும் என்று மைத்துனன் சொன்னதால் அதையும் அணைத்தேன். ஆனால் ஃபோகஸ் மட்டும் கிடைத்தபாடில்லை. ஆரஞ்சு விளக்கு எரியும், லென்ஸ் கொர்ர் என்று முன்னும் பின்னும் போகும், கடைசியில் முடியாது என்று சிவப்புக் கட்டம் காட்டும். பத்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் திரையின் மூலையில் ஒரு பூப் படம் தெரிந்தது. முந்தாநாள் எறும்பைப் படமெடுக்க, மிகக் கிட்டத்தில் இருப்பதை எடுக்கும் மேக்ரோவில் வைத்தது அப்படியே இருக்கிறது. பாவம், கேமரா அவ்வளவு நேரமும் 5 சென்டிமீட்டர் தூரத்தில் நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

பூவை மாற்றி மலைச் சின்னத்துக்கு வந்தேன். ஃபோகஸ் முடிவிலியில் போய் நின்றது. இத்தனை நாளும் அந்தச் சின்னம் மலையேறுபவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். (ஒருவகையில் சரிதானே, மலை ஏறித்தானே வந்திருக்கிறேன்.)

அடுத்தது நேரக்கணக்கு. 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும். என் கேமராவின் அகலக் கோணம், மைத்துனன் சென்சார் அளவுக்கு மாற்றிச் சொல்லும் 35 மி.மீ. கணக்கில், 25 மி.மீ. ஆக 20 விநாடி. கேமராவில் இருந்ததே 15 விநாடிதான், அதனால் யோசிக்க எதுவும் இல்லை. ஒளிக்கு எவ்வளவு கூர்ந்து இசைவது என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 800-ல் வைத்து, டைமரை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும்.

15 விநாடி ஆனது. டிக் என்று மூடியது. திரை கருப்பு. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. செத்தது கேமரா என்று பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். உயிர் வந்தது, படம் இல்லை. மறுபடி எடுத்தேன், மறுபடி கருப்பு, மறுபடி பேட்டரி. மூன்றாவது தடவை பேட்டரி கைநழுவிப் புல்லுக்குள் விழ, டார்ச் அடித்துத் தேடும்போது மைத்துனன் வந்தான்.

"என்ன மாமா தேடறீங்க?"

"பேட்டரி. கேமரா படம் எடுத்ததும் மயக்கம் போட்டு விழுந்துடுது."

விழுந்து விழுந்து சிரித்தது அவன்தான். நீண்ட எக்ஸ்போஷர் முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 15 விநாடிக்கு இருட்டையே படம் பிடிக்குமாம். அதில் விழும் பொய்ப் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடுமாம். அது கருமமே கண்ணாகக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு முறையும் நான் சிலேட்டைப் பிடுங்கியிருக்கிறேன்.

நாலாவது தடவை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். படம் வந்தது. கார்த்திகைக் கூட்டம் சின்னக் கொத்தாக, அதற்குக் கிழக்கே மிருகசீரிடம், ஓரியன் என்கிற வேட்டைக்காரன் உருவத்தின் தோளில் சிவப்பாகத் திருவாதிரை. அந்தச் சிவப்பு படத்தில் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு ஓரத்தில் நீளமாக ஒரு கோடு. "எரிகல்லு!" என்று கத்தினேன். மைத்துனன் பெரிதாக்கிப் பார்த்தான். கோட்டில் சீரான இடைவெளியில் சிவப்புப் புள்ளிகள். "நல்லா பாருங்க மாமா, உள்ள ஆளுங்க உக்காந்திருப்பாங்க" என்றான். விமானம்.

தாமதமாக எழுந்த தேய்பிறை நிலாவையும் விடவில்லை. முதலில் வெறும் வெள்ளைப் பந்துதான் விழுந்தது. நமக்கு ராத்திரி, ஆனால் நிலாவில் நல்ல வெயில், அதனால் வெயிலில் எடுப்பதுபோல எடுக்கவேண்டும் என்று மைத்துனன் சொன்னான். ஐஎஸ்ஓ 100, 1/250 விநாடி வைத்ததும் பள்ளங்கள்கூடத் தெரிந்தன. சரி, அந்தக் கதை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை மாமியார் வாங்கிப் பார்த்தார். தூசி வட்டங்களோடு மைத்துனன் முழங்கால் இருந்த படத்தில் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. "நம்ம பெரியவங்க எல்லாம் வந்து பிள்ளைக்குத் துணையா நின்னிருக்காங்க பாருங்க மாப்பிள்ளை" என்று எண்ண ஆரம்பித்தார். எட்டுப் பேர். சாயங்காலத்துக்குள் படம் குடும்பக் குழுவுக்குப் போய், எந்த வட்டம் யார் என்பதில் இரண்டு சித்திகளுக்குள் மனஸ்தாபம்.

நான் மெதுவாகக் கேமராவை வாங்கி என் நட்சத்திரப் படத்தை எடுத்து நீட்டினேன். பார்த்தார். முந்தானையால் திரையைத் துடைத்தார். சாய்த்துப் பார்த்து, வாயால் ஊதி, மறுபடியும் அழுத்தித் துடைத்தார்.

"ஒரே தூசியா இருக்கே மாப்பிள்ளை, போகவே மாட்டேங்குது."